மவுஸைத் தொடாமல் மென்பொருள் திறக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிச் சேர்க்கைக் காலத்தில், பேத்தியின் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பதற்காக எங்கள் பகுதியில் உள்ள சேவை மையம் ஒன்றில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தட்டச்சு கற்றுக்கொடுத்தவன் என்பதால், எங்கு உட்கார்ந்தாலும் என் கண் எதிரில் இருப்பவரின் விரல்களுக்குத்தான் போகும். அங்கிருந்த பெண் தட்டச்சில் முதுநிலை தேறியவராக இருக்க வேண்டும். பெயரையும் முகவரியையும் விசைகளைப் பாராமலேயே மளமளவென்று அடித்தார். ஆனால் ஒரு வேலையை விட்டு அடுத்ததற்குப் போகும் ஒவ்வொரு முறையும் அவருடைய வலக்கை மவுஸுக்குப் போனது. திறந்து கிடந்தவற்றை எல்லாம் ஒவ்வொன்றாகச் சுருக்கி, திரை நிறையச் சிதறிக் கிடந்த ஐகான்களுக்கு நடுவே ஸ்கேனருக்கான மென்பொருளைத் தேடிப் பிடித்து, இரண்டு முறை சொடுக்கி, அது திறந்த பின்பே கை விசைப்பலகைக்குத் திரும்பியது. தட்டச்சில் அவர் மிச்சம் பிடித்த நேரம் முழுவதும் இந்தத் தேடலில் கரைந்துகொண்டிருந்தது. அவரைக் குறை சொல்வதற்கில்லை. அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம், சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

தட்டச்சு நிலையங்களில் முதல் நாள் பாடமே 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' என்பதுதான். எந்த விரல் எங்கே போனாலும் நடு வரிசைக்குத் திரும்பி வர வேண்டும் என்பதைப் பழக்கவே அந்தப் பாடம். ஆங்கிலத் தட்டச்சில் இளநிலைக்கு நிமிடத்திற்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல் என்று தேர்வு வைத்து அந்தப் பழக்கத்தை ஊன்ற வைக்கிறோம். அதே மாணவர் கணினி வகுப்புக்குள் நுழைந்ததும், மவுஸைக் கையில் கொடுத்து அந்தப் பழக்கத்தைக் கலைத்து விடுகிறோம்.

இத்தனைக்கும் மாற்று வழி கணினிக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் விசையை ஒரு முறை தட்டிவிட்டு, நோட்பேடு வேண்டுமென்றால் என், ஓ, டி என்று மூன்று எழுத்துகளை அடித்தால் பெரும்பாலும் அதன் பெயர் பட்டியலின் தலையில் வந்து நிற்கும். என்டரைத் தட்டினால் திறந்துவிடும். 2007-இல் பொதுமக்கள் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதலே இந்த வசதி உண்டு. ஆப்பிள் கணினிகளில் 2005 முதல் ஸ்பாட்லைட் என்ற இதே வகைத் தேடல் இருக்கிறது. இதையே தனித் தொழிலாகச் செய்யும் குவிக்சில்வர், லாஞ்சி போன்ற மென்பொருள்களும் வந்தன. மைக்ரோசாஃப்ட் நிறுவனமே 2020-இல் பவர்டாய்ஸ் என்ற தனது துணைக் கருவிகளின் தொகுப்பில் இத்தகைய கருவி ஒன்றைச் சேர்த்தது. கணினியில் உள்ளவற்றின் பெயர்களை முன்கூட்டியே அட்டவணைப்படுத்தி வைத்துக்கொள்வதால்தான் இவை கேட்ட மாத்திரத்தில் விடை தருகின்றன. நாம் அடிக்கடி எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதையும் இவற்றுள் பல நினைவில் வைத்திருந்து, அடுத்த முறை அதையே முதலில் காட்டுகின்றன. எதையும் புதிதாக இறக்கி நிறுவாமல், கணினியோடு வருவதைக் கொண்டு தொடங்குவதே நல்லது.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு ஓர் இடைஞ்சல் உண்டு. பலர் ஒரு நாள் முயன்றுவிட்டுக் கைவிடுவது இதனால்தான் என்று நினைக்கிறேன். தமிழ் எழுத்துகளை அடிப்பதற்கான தமிழ்99 விசைப்பலகை இயங்கிக்கொண்டிருக்கும்போது, வேர்டு மென்பொருளைத் திறப்பதற்காக அதன் நான்கு ஆங்கில எழுத்துகளை அடித்தால் தேடல் பெட்டியில் 'ஈடைஉ' என்று வந்து நிற்கும். கணினி என்ன செய்யும், பாவம்! விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும் என்பது உண்மை. ஆனால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், குறிப்பாக விளவங்கோடு பக்கம், மலையாளத்தையும் சேர்த்து மூன்று விசைப்பலகைகள் வைத்திருக்கும் கடைகள் உண்டு. திருவிதாங்கூர் காலத்து மலையாளப் பத்திரம் ஒன்றைப் பார்த்து அடிக்கிறவருக்கு அப்போது எந்த மொழி இயங்குகிறது என்பதே மறந்துபோகும்.

இதற்கு நான் கண்ட எளிய வழி எண்தான். அன்றாடம் பயன்படும் ஐந்தாறு மென்பொருள்களைத் திரையின் அடியில் உள்ள பட்டையில் வரிசையாகப் பொருத்திவிட்டால், விண்டோஸ் விசையுடன் 1 அழுத்த முதலாவதும், 2 அழுத்த இரண்டாவதும் திறக்கும். எந்த மொழி இயங்கினாலும் இது தவறுவதில்லை. ஒரு மையத்தில் உள்ள எல்லாக் கணினிகளிலும் ஒரே வரிசையைப் பின்பற்றினால் இடம் மாறி உட்காருபவரும் தடுமாற மாட்டார். கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருப்பவர்களுக்குத் தமிழ் விசைப்பலகை தடையல்ல, உதவிதான்; 'குடும்ப அட்டை' என்று தொடங்கினாலே அந்தப் பெயருள்ள கோப்புகள் வந்துவிடும்.

சேவை மையங்கள் ஒன்றில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். இந்தத் தேடல் பெட்டி மென்பொருளோடு கோப்புகளின் பெயர்களையும் காட்டும். நேற்று வந்தவரின் ஆதார் நகல் அவர் பெயரிலேயே சேமிக்கப்பட்டிருந்தால், இன்று எதிரில் உட்கார்ந்திருப்பவர் அதைத் திரையில் படிக்க நேரிடும். நகல்களை அன்றன்றே நீக்கிவிடலாம். இல்லையேல் அவை உள்ள கோப்புறையைத் தேடலிலிருந்து விலக்கி வைக்கலாம். அதற்கான ஏற்பாடு விண்டோஸ் அமைப்புகளிலேயே இருக்கிறது.

எல்லையில் உள்ள களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்தில் படிக்கும் உறவுக்காரப் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது இந்த வேறுபாட்டைப் பார்க்கிறேன். கேரள அரசுப் பள்ளிகளில், யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு கற்பிக்கிறார்கள். விண்டோஸுக்கு மாற்றான உபுண்டுவில் பழகிய அந்தப் பிள்ளைகள் எங்கள் வீட்டுக் கணினியிலும் அதே விண்டோஸ் விசையைத் தட்டிவிட்டு நேராகப் பெயரை அடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். நானோ பணி ஓய்வுக்குப் பின்பு அவர்களைப் பார்த்துத்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில் தட்டச்சு நிலையமும் கணினி மையமும் நடத்துவோருக்கு என் வேண்டுகோள் இது. மவுஸைப் பற்றிய பாடத்தை நீக்கச் சொல்லவில்லை. முதன்முதலாகக் கணினியின் முன் அமரும் பெரியவர்களுக்கு ஐகான்தான் எளிது. ஆனால் இளநிலை முடித்துவிட்டு வரும் மாணவர்களுக்காவது, வகுப்பின் முதல் பத்து நிமிடம் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, வேர்டு, எக்செல், ஸ்கேனர் மூன்றையும் திறந்து மூடும் பயிற்சியை ஒரு மாதம் கொடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தட்டச்சுப் பயிற்றுநர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.