‘ஏதும் கண்டறியப்படவில்லை’ என்றால் ஏதும் இல்லை என்று பொருளல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பரம்பரைக் கண்நோய்களுக்கான மரபணுப் பரிசோதனை பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பரிசோதனையின் பயனை அது நன்றாகவே விளக்கியிருந்தது. ஆனால், ‘நோய்க்குக் காரணமான மாற்றம் ஏதும் கண்டறியப்படவில்லை’ என்று அறிக்கை வந்தால் அதை ஒரு குடும்பம் எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது பற்றி அதில் ஒன்றும் சொல்லப்படவில்லை. அந்த ஒரு வரியைத் தவறாகப் புரிந்துகொண்ட குடும்பத்தைச் சேர்ந்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் தங்கை மகனுக்கு ஆர்.பி. என்று கண் மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் விழித்திரைச் சிதைவு நோய். சிறுவனாக இருந்தபோது, பொழுது சாய்ந்துவிட்டால் வாசலில் கழற்றிப் போட்ட செருப்பைக் காலால் துழாவித்தான் மாட்டிக்கொள்வான். மின்சாரம் போனால் நின்ற இடத்திலேயே அசையாமல் நின்றுவிடுவான். மாலைக்கண் என்று நினைத்து முருங்கைக்கீரையும் மீன் எண்ணெயும் கொடுத்துக்கொண்டிருந்தோம். இன்று அவனுக்கு 24 வயது. எதிரே இருப்பவரின் முகம் தெரிகிறது. பக்கத்தில் வந்து நிற்பவர் தெரிவதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ரத்தம் கொடுத்து வந்த அறிக்கையில் மேற்சொன்ன அந்த வரிதான் இருந்தது. “ஒன்றுமில்லை என்று போட்டிருக்கிறதே பெரியம்மா, பிறகு இது எனக்கு எங்கிருந்து வந்தது?” என்று அவன் கேட்டான். உறவினர்களோ, இது பரம்பரை நோயே இல்லை என்று மருத்துவமே சொல்லிவிட்டதாக எடுத்துக்கொண்டு, என் தம்பி மகளை அவனுக்கு முடிக்கும் பேச்சைத் தொடங்கிவிட்டார்கள். என் தங்கையும் அத்தை மகனை மணந்தவள்தான். தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே மரபணுவின் பழுதான பிரதி ஒவ்வொன்று வந்து சேர்ந்து உண்டான நோயாக இது இருந்து, முறைப்பெண்ணும் அதே பழுதின் ஒரு பிரதியைச் சுமந்திருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

அந்த அறிக்கை பொய் சொல்லவில்லை. எந்தெந்த இடங்களில் தேடினோம், எங்கே தேடவில்லை என்பதை எங்களுக்குப் புரியும்படி சொல்லவில்லை, அவ்வளவுதான். வழக்கமான பரிசோதனைகள் பெரும்பாலும் புரதம் உண்டாக்கும் மரபணுப் பகுதிகளையே படிக்கின்றன. அவை நம் மரபுத்தொகுதியின், அதாவது செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. முழுவதன், ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளில் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவானவை. மிச்சப் பகுதி வெறும் உபரி என்றே நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த காலத்தில் பலரும் கருதினார்கள். 1993-இல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் ஆகியோரின் ஆய்வுக்கூடங்கள் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழுவில், எந்தப் புரதத்தையும் உண்டாக்காமல் மற்றொரு மரபணுவின் வேலையை அடக்கி வைக்கும் மிகச் சிறிய ஆர்.என்.ஏ. (டி.என்.ஏ.வைப் பார்த்து செல் எழுதிக்கொள்ளும் நகல் இழை) ஒன்றைக் கண்டறிந்தன. அதைத்தான் இன்று மைக்ரோ ஆர்.என்.ஏ. என்கிறோம். அதற்காக இருவருக்கும் 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏறத்தாழ 22 எழுத்துகளே கொண்ட இந்த இழை, புரதம் செய்யும் கட்டளையைச் சுமந்து செல்லும் தூது ஆர்.என்.ஏ.வில் பொருந்தும் இடம் பார்த்து ஒட்டிக்கொண்டு, அந்தப் புரதத்தின் அளவைக் குறைத்துவிடுகிறது.

விழித்திரையில் இதற்குள்ள முக்கியத்துவத்தைக் காட்டும் ஆய்வுகளில் என் மனத்தில் ஆழப் பதிந்தது சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்தில் நடந்து, 2014-இல் வெளியானது. வளர்ந்த எலிகளின் விழித்திரையில் பகல் வெளிச்சத்தை உணரும் கூம்பு செல்களில் மட்டும், மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் உருவாவதற்கு வேண்டிய ஒரு புரதத்தை ஆய்வாளர்கள் நீக்கினார்கள். கூம்பு செல்கள் உடனே சாகவில்லை. ஆனால் ஒளியை வாங்கும் உறுப்பான அவற்றின் வெளிக்கண்டம் நாளடைவில் மறைந்துபோனது. செல் உயிரோடு இருந்தும் பகல் வெளிச்சத்தை உணரும் திறன் போய்விட்டது. பிறகு நூற்றுக்கணக்கான மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் 182, 183 என்ற எண்களைத் தாங்கிய இரண்டை மட்டும் அந்தச் செல்களுக்குள் செலுத்தியபோது, வெளிக்கண்டத்தின் அழிவு தடுக்கப்பட்டது. இதே குழுவைச் சேர்ந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் இருட்டில் குறைந்து வெளிச்சத்தில் கூடுகின்றன என்பதையும் அதே நகரத்து ஆய்வாளர்கள் 2010-இல் காட்டியிருந்தார்கள். இருட்டறைக்குள் போவதும் வெளியே வருவதுமான சாதாரணச் செயலில்கூட விழித்திரை இவற்றின் அளவை மாற்றிக்கொண்டே இருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

எலியில் நடப்பது மனிதரில் நடக்குமா என்று வாசகர்கள் கேட்கலாம். அதற்கான விடை 2015-இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் பகுதி விஞ்ஞானிகளும் பிறரும் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. ஐந்து தலைமுறையாக விழித்திரைச் சிதைவு தொடர்ந்த ஒரு குடும்பம் அது. நோயுற்றவர்களின் கண்ணில் ஐரிஸ் என்னும் வண்ண வளையம் கருவிலேயே முழுமையாக மூடாமல் விடுபட்டிருந்தது. காரணத்தைத் தேடிச் சென்றவர்கள் கடைசியில் மைக்ரோ ஆர்.என்.ஏ. 204-இல் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டார்கள். அந்த எழுத்து இருந்த இடம்தான் முக்கியமானது. மைக்ரோ ஆர்.என்.ஏ. தன் இலக்கை அடையாளம் காண்பது இரண்டாவது எழுத்திலிருந்து எட்டாவது எழுத்து வரையிலான பகுதியைக் கொண்டுதான். மாற்றம் அந்தப் பகுதிக்குள் விழுந்திருந்ததால், ஒட்ட வேண்டிய இடத்தை விட்டு ஒட்டக்கூடாத இடங்களில் அது ஒட்டத் தொடங்கியது. மாறிய இழையை மெடாகா என்னும் சிறிய நன்னீர் மீனின் கருவுக்குள் செலுத்தியபோது அந்த மீனின் கண்ணும் பிழையாகவே வளர்ந்தது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து இந்த மாற்றம் வந்தாலே நோய் வர அது போதும்.

இதைச் சொல்வதால் என் தங்கை மகனுக்கும் இதே மாற்றம்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. இது மிக அரிதானது. அவனுடைய ஐரிஸில் எந்தக் குறையும் இல்லை. விழித்திரையின் பரம்பரை நோய்களுக்குக் காரணமாக இதுவரை 280-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றிலேயே பரிசோதனைக்கு எளிதில் அகப்படாத மறைவான இடங்கள் உண்டு, அவனுடைய காரணம் அங்கேகூட இருக்கலாம். புரதம் செய்யாத 22 எழுத்துகளில் ஓர் எழுத்து பிசகினாலும் பார்வை போகக்கூடும் என்பது மெய்ப்பிக்கப்பட்ட பிறகு, புரதப் பகுதிகளை மட்டும் படித்துவிட்டு ஒரு குடும்பத்தை ‘ஏதும் இல்லை’ என்று எண்ணவிடுவது சரியல்ல என்றே சொல்கிறேன். காரணம் தெரிவதில் பயனும் இருக்கிறது. 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற விழித்திரை மரபணு சிகிச்சை, ஆர்.பி.இ.65 என்ற மரபணுவில் பழுது உறுதியானவர்களுக்கு மட்டுமே தரப்படுகிறது.

காரணம் தெரியாத தவிப்பில் இருப்பவர்களைக் குறிவைத்துப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ. அடங்கிய ஊசி பார்வையை மீட்டுத் தரும் என்ற விளம்பரம் ஒன்று அவன் கைபேசிக்கு வந்திருக்கிறது. கேட்கும் தொகை ஒரு சிறு வீட்டுமனையின் விலை. மைக்ரோ ஆர்.என்.ஏ.வை அடிப்படையாகக் கொண்ட எந்த விழித்திரை மருந்துக்கும் இதுவரை அனுமதி கிடைக்கவில்லை. புற்றுநோய்க்காக மனிதர்களிடம் சோதிக்கப்பட்ட இவ்வகை மருந்து ஒன்றின் ஆய்வு, நோயெதிர்ப்பு மண்டலம் சார்ந்த கடுமையான பக்கவிளைவுகளால் 2016-இல் நிறுத்தப்பட்டது. ஒரே இழை பல மரபணுக்களைத் தொடுவதால், அதை மருந்தாக்குவதில் இத்தனை எச்சரிக்கை தேவைப்படுகிறது.

எனவே பரிசோதனைக்கூடங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். எந்தப் பகுதிகள் படிக்கப்பட்டன, எவை படிக்கப்படவில்லை, எப்போது மறுபடி பார்க்கலாம் என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எளிய தமிழிலும் அச்சிடுங்கள். அறிக்கையைக் கையில் கொடுக்கும் மருத்துவர்கள் அந்த ஒரு பத்தியை வாய்விட்டும் சொல்ல வேண்டும். ‘கண்டறியப்படவில்லை’ என்ற அறிக்கை வந்த குடும்பங்கள் அதைக் கிழித்துப் போடாமல், பரிசோதனையின் மூலத் தரவையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். புதிய மரபணுக்கள் ஆண்டுதோறும் பட்டியலில் சேர்கின்றன. பழைய தரவையே மீண்டும் படித்துக் காரணம் கண்டுபிடிப்பதும் நடக்கிறது.

எங்கள் பையனின் தரவை அடுத்த மாதம் மறுவாசிப்புக்குக் கொடுக்கவிருக்கிறோம். இம்முறை அவன் தாய், தந்தையின் ரத்த மாதிரியும் சேர்ந்து போகிறது. முடிவு வரும்வரை கல்யாணப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று தங்கையிடமும் தம்பியிடமும் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
திருநெல்வேலி.