பீலித் தண்ணீர் போகும் வழி

ஸ்காபரோ, ரொறொன்ரோ, கனடா,
2025 ஒக்டோபர் 19.

அன்பு நண்பருக்கு,

நலம், உம்முடைய நலமும் வீட்டாரின் நலமும் அறிய ஆவல். உம்முடைய கடிதம் சென்ற கிழமை கிடைத்தது. முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று முதற் பந்தியில் எழுதி என்னை ஆறுதற்படுத்திவிட்டு, அதே காலோடு குளத்துச் சேற்றில் இறங்கி நின்ற கதையை அடுத்த பந்தியிலேயே எழுதியிருந்தீர். உம்மைத் திருத்த யாரால் முடியும்! குளத்தைத் துப்புரவாக்கும் சிரமதானத்துக்கு முதல் ஞாயிறு நூறு பேர் வந்ததும், சனசமூக நிலையத்தார் தேநீரும் வடையும் கொடுத்ததும், மூன்றாம் ஞாயிறு நீரும் வேறு இருவரும் மட்டும் மண்வெட்டியோடு நின்றதும், ஒரு மாரி கழிவதற்குள் குளம் மறுபடி பிளாஸ்திக் போத்தல்களால் நிறைந்ததும் படித்தேன். 'அங்கே உங்கள் ஊரில் சனம் எப்படித்தான் நிலைத்து நிற்கிறதோ' என்று முடித்திருந்தீர். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதவே இந்தக் கடிதம். வீட்டுப் புதினங்களைத் தொலைபேசியில் பேசிக்கொள்வோம்.

உமக்கு ஏமாற்றம் தரும் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கும் சனம் நிலைத்து நிற்பதில்லை. எங்கள் பக்கத்து ஓடைக்கரையில் களை பிடுங்கும் குழுவில் நான் சேர்ந்தபோது பதினெட்டுப் பேர் இருந்தோம். இந்த ஆண்டு புரட்டாதியில் எண்ணியபோது ஏழு பேர். அப்படியிருந்தும் அந்த ஓடை போய்ச் சேரும் ஆறு முன்னையிலும் நன்றாகத்தான் இருக்கிறது. அது எப்படி என்பதை நானே சில ஆண்டுகள் கழித்துத்தான் ஓரளவு விளங்கிக்கொண்டேன்.

ரொறொன்ரோ மாநகரை வடக்கிலிருந்து தெற்காக ஊடறுத்து, 38 கிலோமீற்றர் ஓடி ஒன்ராறியோ ஏரியில் விழுவது டொன் ஆறு. பனியுகத்துப் பனிப்பாறைகள் விட்டுச் சென்ற மணலும் பரலும் சேர்ந்த ஓக் றிட்ஜஸ் என்னும் மேட்டுநிலத்தில் அது ஊற்றெடுக்கிறது. யாழ்ப்பாணத்து வழுக்கையாற்றைத் தவிர வேறு ஆறு அறியாத நமக்கு அது பெரிய ஆறுதான். இந்த நாட்டுக் கணக்கில் வெறும் ஓடை. ஆனால் அதன் நீரேந்துப் பிரதேசமான ஏறக்குறைய 360 சதுர கிலோமீற்றரில் 12 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் குடியிருக்கிறார்கள். அத்தனை கூரையிலும் தெருவிலும் வாகனத் தரிப்பிடத்திலும் விழும் மழை, மண்ணில் ஊற இடமில்லாமல் குழாய் வழியே ஓடி ஒரே நேரத்தில் அந்த ஒடுங்கிய பள்ளத்தாக்கில் வந்து விழுகிறது. 2013 யூலை 8ஆந் திகதி மாலை விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பதிவானபோது, சுமார் 1,400 பயணிகளோடு வந்த புகையிரதம் ஒன்று இந்தப் பள்ளத்தாக்கில் வெள்ளத்தின் நடுவே நின்றுவிட, பொலிசார் படகில் வந்து ஆட்களை இறக்கினார்கள்.

இந்த ஆற்றைக் கெடுத்ததும் ஒரு நாளில் நடந்ததல்ல. கரையோரம் ஆலைகளும் செங்கற்சூளைகளும் வந்தன. நகரத்தின் கழிவெல்லாம் அதற்குள் போயிற்று. ஆறு ஏரியைச் சேரும் இடத்தில், பேரேரிகளின் கரையிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றான ஆஷ்பிறிட்ஜஸ் குடா சதுப்புநிலம் இருந்தது. துறைமுகத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் இடம் வேண்டுமென்று 1912 அளவில் தொடங்கி அதை மண் கொட்டி நிரப்பினார்கள். சதுப்பில் கைவிரல்போல் பிரிந்து போன ஆற்றைக் கொங்கிறீற் சுவருக்குள் அடக்கி, கடைசியில் செங்கோணமாக மேற்கே திருப்பிவிட்டார்கள். வகுப்பில் நமக்குக் கேத்திரகணிதம் படிப்பித்த ஆசிரியர்கூட ஓடும் தண்ணீருக்குச் செங்கோணம் வரைந்திருக்க மாட்டார். அந்த மூலையில் வண்டலும் மரக்கட்டையும் வந்து குவியக் குவிய, அதை அள்ளுவதே பிறகு நிரந்தர வேலையாகிவிட்டது. 1960களில் பள்ளத்தாக்கின் நீளத்துக்கு ஒரு விரைவுச்சாலையும் போட்டார்கள்.

இதற்கிடையில் 1954 ஒக்டோபரில் ஹேசல் என்ற சூறாவளி வந்து ஒன்ராறியோ மாகாணத்தில் 81 பேரைக் கொன்றது. அதன் பிறகே ஆற்றுப் பள்ளங்களில் வீடு கட்டுவதைத் தடுத்து, நிலத்தைப் பொதுவுடைமையாக வாங்கத் தொடங்கினார்கள். இன்று ரொறொன்ரோவின் நடுவே காடும் பள்ளமுமாக இத்தனை வெளி எஞ்சியிருப்பது அழகுணர்ச்சியால் வந்தது என்பதைவிட அச்சத்தால் வந்தது என்பதே சரி. ஆற்றைப் பார்க்கும் அதிகாரசபையின் எல்லையும் கவனிக்கத்தக்கது. 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த எல்லை நகரசபைகளின் எல்லையைப் பின்பற்றாமல், தண்ணீர் எங்கிருந்து எங்கே வடிகிறதோ அதைப் பின்பற்றிக் கீறப்படுகிறது. உம்முடைய குளத்துக்கு இரண்டு அலுவலகங்கள் மாறி மாறி 'அது எங்கள் பகுதி அல்ல' என்று சொன்ன கதையைப் படித்தபோது இதைத்தான் நினைத்தேன்.

சனம் இதற்குள் எப்போது வந்தது என்றால், 1969 நவம்பரில், ஒரு செத்தவீட்டோடு வந்தது. ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தில் உருவான மாசெதிர்ப்புக் குழுவின் மாணவர்கள், டொன் ஆறு இறந்துவிட்டது என்று அறிவித்து, கறுப்புடை உடுத்து, சவப்பெட்டியோடு ஊர்வலமாக ஆற்றங்கரைக்குப் போனார்கள். நமது ஊரில் செய்திருந்தால் பறையும் ஒப்பாரியும் சேர்ந்து இன்னும் சிறப்பாக இருந்திருக்கும். பத்திரிகைகள் எழுதின, பலர் வெட்கப்பட்டார்கள். ஆனால் ஆறு அப்படியே கிடந்தது. அது உம்முடைய முதல் ஞாயிறு. தேநீரும் வடையும்தான் இல்லை.

இருபது ஆண்டுகள் கழித்து, 1989இல், மாநகரசபை 'டொன்னை மீளக் கொண்டுவரும் பணிக்குழு' என்று ஒன்றை அமைத்து, அதில் ஊர்மக்களையே உறுப்பினராக்கியது. அவர்கள் ஆற்றை அங்குலம் அங்குலமாக நடந்து பார்த்து 1991இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். எந்த மடையில் என்ன செய்யலாம், எங்கே சிறு சதுப்பு வெட்டலாம், எந்தத் தடுப்பைத் தாண்ட மீனுக்கு வழி வைக்கலாம், முகத்துவாரத்தில் அந்தச் செங்கோணத்தை எப்படி உடைத்துச் சதுப்பைத் திரும்ப உண்டாக்கலாம் என்று இடம் இடமாக எழுதிவைத்தார்கள். எழுதியவர்களிற் பலர் இன்று அந்த வேலையில் இல்லை. எழுதிய தாள் இருந்தது. ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் எடுத்துச் செய்யக்கூடிய அளவுக்கு அது துண்டு துண்டாக இருந்தது. 1990களில் கரையோரத்தில் முதலாவது சிறு சதுப்பை வெட்டினார்கள்; நகரத்தின் பழைய கட்டடங்களுக்குச் செங்கல் அறுத்த சூளையின் பெருங்கிடங்கைக் குளங்களாக மாற்றினார்கள்; பழைய அணைச்சுவருக்குக் கீழே பாறைகளைச் சரிவாக அடுக்கினார்கள். இலையுதிர் காலத்தில் சினூக் சல்மன் மீன்கள் அந்தச் சரிவில் துள்ளி ஏறுவதை நானும் பேரப்பிள்ளையும் போய்ப் பார்த்தோம். அவை இந்த ஏரிக்கு உரியவை அல்ல, பசிபிக் கடலிலிருந்து கொண்டுவந்து விட்டவை. இங்கேயே இருந்த அத்திலாந்திக் சல்மன் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஒன்றும் மிஞ்சாமல் போய்விட்டது. திருத்தியதெல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று யாரும் உமக்குச் சொன்னால் நம்ப வேண்டாம்.

கொண்டாட்டமும் இருந்தது. 1994 முதல் மே மாதத் தொடக்கத்தில் ஒரு நாள், மேலே உள்ள நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் திறந்து ஆற்றின் மட்டத்தை உயர்த்தி, பொதுமக்களைப் படகோட்டவிட்டார்கள். வருடத்தில் ஒரு நாள் படகில் போனவன் மறுநாள் விரைவுச்சாலையில் காரில் போகும்போது கீழே ஓர் ஆறு ஓடுகிறது என்பதையாவது நினைப்பான். தேர்த்திருவிழாவுக்கு வடம் பிடிக்க வருபவர்களெல்லாம் தினமும் கோயிலுக்கு வருபவர்கள் அல்லர் என்பது உமக்குத் தெரியாததா?

இனி எங்கள் ஏழு பேரின் கதை. ஸ்காபரோவில் தொடங்கி டொன்னில் சேரும் 16 கிலோமீற்றர் ஓடை ஒன்று உண்டு. ரெயிலர்-மாசி ஓடை என்பார்கள். அதன் கரையில் ஒரு சிறு துண்டு எங்கள் பொறுப்பு. மே முதல் செப்டெம்பர் வரை கிழமைக்கு ஒரு மாலை, இரண்டே மணித்தியாலம். அங்கே பரவிக் கிடக்கும் ஒரு கொடிக்கு 'நாயை நெரிக்கும் கொடி' என்று பெயர். ஐரோப்பாவிலிருந்து வந்தது, நம்முடைய எருக்கலையின் குடும்பம். தரையோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேரோடு கிளற வேண்டும். ஓகஸ்டில் காய் வெடித்துப் பஞ்சு பறப்பதற்குமுன் காய்களைப் பறித்துப் பையில் கட்டிவிட வேண்டும். மொனார்க் வண்ணத்துப்பூச்சி இதைத் தன் எருக்குச் செடி என்று ஏமாந்து முட்டையிட்டால் பொரிக்கும் புழு பிழைப்பதில்லை. நாங்கள் காடு முழுவதையும் துப்புரவாக்க முயன்றதில்லை. கயிறு கட்டி அளந்த ஒரு பாத்தி. அது தேறிய பிறகு அதையடுத்த பாத்தி. யார் வந்தார்கள், எத்தனை பை, எந்தப் பாத்தி என்று ஒரு கொப்பியில் எழுதிவைக்கிறோம். பதினொரு பேர் போன பிறகும் கொப்பி இருக்கிறது. அடுத்த ஆண்டு புதிதாக வருபவனுக்கு எங்கே குனிய வேண்டும் என்று அது சொல்லும்.

முகத்துவாரத்துக்கும் காலம் வந்தது. 2017இல் மத்திய, மாகாண, மாநகர அரசுகள் மூன்றும் சேர்ந்து 125 கோடி டொலர் ஒதுக்கி, நிரப்பிய துறைமுக நிலத்தைத் தோண்டி, டொன்னுக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் நீளத்தில் வளைந்து செல்லும் புதிய வாயை வெட்டின. 2024இல் ஆறு அதில் பாய்ந்தது. 1991இன் அறிக்கையிலிருந்து கணக்கிட்டால் 33 ஆண்டுகள். ஆனால் பணத்தைவிட என்னை அசைத்தது வேறு. 2021இல் தோண்டிக்கொண்டிருந்தபோது, திறந்து கிடந்த பழைய சதுப்பு மண்ணில் யாரும் விதைக்காத சம்பும் கோரையும் முளைத்தன. நூறு ஆண்டுகளுக்குமுன் மண் கொட்டி மூடியபோது அடியிற் சிக்கிய விதைகள். வெளிச்சமும் ஈரமும் கண்டதும் எழும்பிவிட்டன. அவற்றைப் பக்குவமாக எடுத்து வேறிடத்தில் வளர்த்தார்கள். செத்தவீடு நடத்திய மாணவர்களுக்கு இப்போது எழுபதைத் தாண்டிய வயது இருக்கும்; அவர்களில் யாராவது போய்ப் பார்த்தார்களோ?

ஆனாலும் அந்தப் பெருஞ்செலவு ஆற்றின் வாயைத்தான் திருத்தியது. வாய்க்கு வந்துசேரும் தண்ணீர் எங்களைப் போன்றவர்களின் வாசலிலிருந்து போகிறது. நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கு வந்த நாள் முதல், பனி விழும் என்று வானொலி சொன்னவுடன் வீட்டு வாசலில் வாளி வாளியாக உப்பு எறிந்தவன் நான். நமது ஊரில் உப்பு விலைப்பட்டது. இங்கே அது தெருவில் கொட்டும் பொருள். ஸ்காபரோவில் மழைநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் வேறு வேறு; தெருவோரக் கம்பித்தட்டுக்குள் விழுவது எங்கும் சுத்திகரிக்கப்படாமல் நேரே ஓடைக்குப் போகிறது என்பது எனக்குத் தெரியாது. நன்னீர் உயிர்கள் நீண்டகாலம் தாங்கத்தக்க, உப்பிலுள்ள குளோரைட்டு லீற்றருக்கு 120 மில்லிகிராம் என்று இந்நாட்டு வழிகாட்டி சொல்கிறது. மாரிகாலத்தில் நகரத்து ஓடைகள் அதைப் பல மடங்கு தாண்டுகின்றன. அந்தக் கம்பித்தட்டுகளின் அருகே பாடசாலைப் பிள்ளைகள் மஞ்சள் நிற மீன் ஒன்றை வரைந்துவைப்பதுண்டு. பல ஆண்டுகள் அதை யாரோ விளையாட்டுப் பிள்ளையின் வேலை என்று எண்ணிக் கடந்து போயிருக்கிறேன். இப்போது பனியை முதலில் வழித்துத் தள்ளிவிட்டு, வழுக்கும் படியில் மட்டும் ஒரு கைப்பிடி மணல் போடுகிறேன். என் மனைவிக்கு இதில் இன்னும் முழுச் சம்மதம் இல்லை. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் ஆறு வந்து பார்க்குமா என்று கேட்கிறா. கூரைப் பீலியிலிருந்து மழைநீர் இறங்கும் குழாயையும், மாநகரசபை கட்டாயமாக்கியபடி, நிலத்தடிக் குழாயிலிருந்து அறுத்துப் புல்தரைக்குத் திருப்பிவிட்டேன்.

ஆகையால் இந்த மாரியில் குளத்துக்குள் இறங்க வேண்டாம் என்று உம்மைக் கேட்டுக்கொள்கிறேன். முழங்காலுக்காக மட்டும் சொல்லவில்லை. நல்ல மழை பெய்யும் ஒரு நாளில் அந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு, குடையோடு, குளத்துக்குள் வந்து விழும் வெள்ளவாய்க்கால் ஒவ்வொன்றையும் பின்னோக்கி நடந்து பாரும். எத்தனை வாய்க்கால், எந்த ஒழுங்கையால் வருகிறது, எந்தச் சந்தையின் பின்புறத்தைத் தொட்டு வருகிறது, எந்த மதகடியில் யார் மண் போட்டு மூடியிருக்கிறார்கள், எவருடைய வீட்டுப் பீலித் தண்ணீர் நேரே வாய்க்காலில் விழுகிறது என்று ஒரு படம் கீறும். குளத்தில் நிற்பது சுண்ணாம்புக்கல்லில் ஊறி உம்முடைய கிணற்றுக்குத்தான் போகிறது என்பதைச் சனத்துக்குச் சொல்ல அந்தப் படம் உதவும். இரண்டு அலுவலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி கொடுத்து, கொடுத்த திகதியையும் குறித்துவையும். பிறகு ஒரு வாய்க்காலை மட்டும் எடும், ஒரே ஒரு வாய்க்கால். அதன் வாயில் ஒரு கம்பித்தட்டு வைத்து, கிழமைக்கு ஒரு முறை அதில் மறிபடுவதை எண்ணி எழுதும். அதற்கு மூன்று பேர் போதும்.

தை மாதம் ஊருக்கு வர ஒழுங்கு செய்திருக்கிறேன். அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும், கொப்பியையும் பார்க்க வேண்டும். சேற்றில் இறங்க முழங்கால் வரை வரும் றப்பர் சப்பாத்து ஒரு சோடி உமக்கு வாங்கி வருகிறேன். கால் அளவை மறக்காமல் எழுதும்.

இப்படிக்கு,
உமது பழைய வகுப்புத் தோழன்