மாவட்டச் செய்தியாளர்கள் ஏன் நிலைப்பதில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தனியார் ஊடகங்களின் மாவட்டச் செய்தியாளர்கள் சில ஆண்டுகளிலேயே வேறு வேலை தேடிச் செல்வதைக் கடலூரில் அடிக்கடி காண்கிறோம். 2011-இல் தானே புயலையும் 2015-இல் பெருவெள்ளத்தையும் களத்தில் நின்று பதிவு செய்தவருக்கு, சாத்தனூர் அணை திறக்கப்பட்டால் தென்பெண்ணைக் கரையில் எந்தக் குடியிருப்பில் முதலில் தண்ணீர் புகும் என்பது தெரியும். அவர் விலகும்போது அந்த அறிவும் அவருடனேயே போய்விடுகிறது.

பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. செய்திக்கு இவ்வளவு என்ற கணக்குத்தான். அத்துடன் விளம்பரம் பிடித்துத் தரும் பொறுப்பு வேறு (இது தனிக் கொடுமை). பத்திரிகை ஊழியர்களின் சம்பளத்தை வரையறுக்க மத்திய அரசு அமைத்த மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரைகளை 2014-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த போதிலும், அவை நாளிதழ்களுக்கும் செய்தி முகமைகளுக்கும் மட்டுமே உரியவை என்பதால், தொலைக்காட்சி ஊழியர்களுக்குப் பயன்படவில்லை. 2020-இல் நிறைவேறிய பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்போ, மின்னணு, டிஜிட்டல் ஊடகத்தினரையும் உழைக்கும் பத்திரிகையாளர் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது.

எனவே, ஆண்டு விழாவில் கேடயம் வழங்குவதற்கு முன்பு, நிறுவனங்கள் இவர்களுக்குப் பணி நியமன ஆணை, வருங்கால வைப்பு நிதி, விபத்துக் காப்பீடு ஆகியவற்றை அளிப்பதோடு, விளம்பர வசூலையும் தனிப் பிரிவிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.