பட்டாவைப் பத்திரப்படுத்த ஒரு கட்டடம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நாகை மாவட்டம் கீழ்வேளூர் வட்டத்தில், எங்கள் தெருவில் மகளிர் படிப்பகம் ஒன்று கட்டி வருகிறோம். சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்து நிற்கிறது. கையிருப்பும் அதோடு தீர்ந்தது. மேற்கொண்டு கட்டி முடிக்கத்தான் உங்களிடம் கேட்கிறோம்.

எங்கள் பெண்கள் பலர் பேரில் ஆளுக்கொரு ஏக்கர் நிலம் இருக்கிறது. அது சும்மா வந்ததில்லை. பண்ணையில் சாணிப்பாலும் (தண்டனையாகச் சாணி கரைத்த தண்ணீரைக் குடிக்கவைப்பது) சவுக்கடியும் பட்டவர்கள் எங்கள் முன்னோர். 1944-இல் நிலக்காரர்களுக்கும் பண்ணையாட்களுக்கும் இடையே ஆன களப்பால் ஒப்பந்தம் அந்தக் கொடுமைக்கு முடிவுகட்டியது என்றாலும், கூலி கேட்டால் பகை என்பது ஓயவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள்.

அதற்குப் பிறகுதான் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் தம் கணவரோடு இந்தப் பக்கம் வந்தார். திண்டுக்கல் பக்கத்து அய்யன்கோட்டையில், ஏழை தலித் குடும்பத்தில் பிறந்து, அந்தக் காலத்திலேயே பட்டம் படித்தவர்; நிலமற்றவர்களுக்காக நிலத்தைத் தானமாகக் கேட்ட பூதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தவர். 1981-இல் ‘உழுபவருக்கு நிலம்’ என்ற நோக்கோடு லாஃப்டி (LAFTI) அமைப்பைத் தொடங்கி, நிலக்காரர்களிடம் பேசி, வங்கிக் கடனுக்கு அலைந்து, ஏக்கர் ஏக்கராக வாங்கிப் பெண்கள் பேரிலேயே பதிய வைத்தார். ஆண்கள் பேரில் இருந்திருந்தால் எத்தனை ஏக்கர் சாராயக் கடனுக்குப் போயிருக்கும் என்பதை எங்கள் வீட்டு ஆண்களே ஒத்துக்கொள்கிறார்கள். 2008-இல் ‘மாற்று நோபல்’ எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது, 2020-இல் பத்ம பூஷண் எல்லாம் அம்மாவைத் தேடி வந்தன. எங்களுக்குப் பெரிசு அந்த ஏக்கர்தான். அடுத்தவர் வரப்பில் கூலிக்கு நிற்கும்வரை, டீக்கடையில் சாதி பார்த்து வைக்கும் தனிக் குவளையைத் தள்ளிவிட்டு எழுந்துவர யாருக்கும் தெம்பு இருந்ததில்லை.

இப்போது சிக்கல் வேறு. நிலம் வாங்கிய பாட்டிமார் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்கிறார்கள். பட்டா இன்னும் அவர்கள் பேரிலேயே கிடக்கிறது. கூரையில் செருகி வைத்த பத்திரம் சிலருக்கு 2018 கஜா புயலில் கூரையோடு போனது. ஒரு வீட்டில் நனைந்ததைக் காயவைத்து, எழுத்து அழிந்த தாளை இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். நிலம் யார் பேரில், என்ன பயிர் என்று காட்டும் சிட்டா, அடங்கல் சரியாக இல்லாவிட்டால் கூட்டுறவுக் கடன் கிடைக்காது. கொள்முதல் நிலையத்தில் நெல் போட முடியாது. வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். ஒரு மனு எழுத மேலத்தெரு வாசலில் காத்து நிற்பதும் நடக்கிறது.

ஆகவே இந்தக் கட்டடத்தில் பத்திரங்கள் வைக்க இரும்பு பீரோ, ஒரு கணினி, பிரிண்டர் இருக்கும். வாரிசுச் சான்று, பெயர் மாற்றம், உட்பிரிவு மனுக்களை எங்கள் கல்லூரிப் பிள்ளைகளே எழுதித் தருவார்கள். சாயங்காலம் டியூஷன். ஐப்பசி மழையில் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பதால் தரையை உயர்த்தியிருக்கிறோம். பாதிப் பணத்தை அந்த அஸ்திவாரமே விழுங்கிவிட்டது.

இனி தளம் போட வேண்டும், பூச்சு, கதவு, மின் இணைப்பு. பணமாகத்தான் என்றில்லை, சிமெண்ட், கம்பி, எம்-சாண்ட், பழைய கணினி எதுவானாலும் சரி. ஆளுக்கு ஒரு நாள் சித்தாள் வேலையை எங்கள் பெண்கள் கூலியில்லாமல் பார்க்கிறார்கள்.

ஒரு கட்சிப் பிரமுகர் தளத்தையே போட்டுத் தருவதாகச் சொன்னார், வாசலில் கொடிமரம் நடவேண்டும் என்ற நிபந்தனையோடு. வேண்டாமென்றுவிட்டோம். நன்கொடையாளர் பலகையில் சாதிப் பட்டம் எழுதுவதில்லை, தொகையும் போடுவதில்லை. வரவு செலவை மாதாமாதம் கட்டடச் சுவரிலேயே ஒட்டுகிறோம்.

குறுவை அறுப்பு முடிந்து மழை பிடிப்பதற்குள் தளம் போட்டாக வேண்டும். அதற்கு முன்பாக அனுப்பினால் உதவியாக இருக்கும். குழு முத்திரையிட்ட ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மகளிர் படிப்பகக் கட்டடக் குழுவினர்