ஒரு சிறு விளம்பரத்தில் பிறந்த சங்கம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மே 30, உலக மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ் நாள். இந்த நரம்பு நோய் கண்டவர்களுக்கான அமெரிக்கச் சங்கம் தோன்றிய விதம் தமிழ் வாசகர்கள் அறிய வேண்டிய ஒன்று.

அச்சங்கத்தை நிறுவிய சில்வியா லாரியின் தம்பிக்கு இந்நோய். நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை உடலின் எதிர்ப்பாற்றலே அரித்துவிடும். மூளையின் கட்டளை வழியிலேயே தடைபடும். பார்வை மங்கும், கால் மரக்கும், தாங்க முடியாத அசதி வரும். அன்று மருந்தே இல்லை. 1945 மே 1 அன்று நியூயார்க் டைம்ஸில், குணமடைந்தவர் யாரேனும் இருந்தால் தொடர்புகொள்ளுங்கள் என்று ஒரு சிறு விளம்பரம் கொடுத்தார். 50-க்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. ஒருவர்கூட குணமடைந்தவர் இல்லை. எல்லோரும் அதே கேள்வியோடு எழுதியிருந்தார்கள்.

மனம் தளராமல் 1946-இல் சங்கத்தைத் தொடங்கினார். ஆறுதல் சொல்வதோடு நிற்காமல் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டியதுதான் அவருடைய பெரிய முடிவு. முதல் நிதியுதவி பெற்ற நோயெதிர்ப்பியல் அறிஞர் எல்வின் கபாட்டின் ஆய்வு, நோயாளிகளின் தண்டுவட நீரில் எதிர்ப்புப் புரதம் மிகுந்திருப்பதைக் காட்டியது. இன்றும் நோயறிய அந்த நீரைச் சோதிக்கிறார்கள். 1967-இல் இத்தகைய சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பும் உருவானது.

இந்தியச் சங்கம் 1985 முதல் இயங்குகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இந்நோயை மாற்றுத்திறன்களின் பட்டியலில் சேர்த்துள்ளது. பலருக்கு இது தெரியாததால் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கே விண்ணப்பிப்பதில்லை. வெளிப்பார்வைக்கு நன்றாக இருப்பவரையும் சான்றிதழ் வழங்கும் மருத்துவக் குழு பொறுமையாகக் கேட்டறிய வேண்டும். வெயில் ஏறினாலே இவர்களுக்கு அறிகுறிகள் கடுமையாகும்.

வாசகர், மதுரை