அண்ணாச்சி படம் உன்னிடம் இருக்கிறதா?

பாளையங்கோட்டை
ஞாயிறு மதியம்

அன்புள்ள சங்கரா,

உன் மெயில் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. மெயிலில் வந்தாலும் அதைக் கடிதம் என்றுதான் சொல்வேன். ‘நலம், நலமறிய ஆவல்’ என்று ஆரம்பிக்கிறவன் இன்றைக்கு நீ ஒருவன்தான். மற்றபடி என் மெயில் பெட்டிக்கு வருவதெல்லாம் ஓடிபியும் கிரெடிட் கார்டு ஆஃபரும். பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். “அண்ணன் இனிமே முட்டி வலின்னு சொல்லிட்டு உக்காந்திருக்க முடியாது” என்றாள் இவள்.

இங்கே எல்லாரும் சுகம். மகள் பெங்களூரிலேயே வேறு கம்பெனிக்கு மாறியிருக்கிறாள். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. டீயில் சீனியை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. டீ என்றதும்தான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்த காரணமே ஞாபகம் வருகிறது. சரி, முதலில் உன் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

‘இன்ஸ்டாவில் ஏன் படமே போடுவதில்லை, கேமராவை விற்றுவிட்டாயா?’ என்று கேட்டிருந்தாய். விற்கவில்லை. அதே நிக்கான் டி90தான், அதே 50 எம்எம் லென்ஸ்தான். கைப்பிடி ரப்பர் உப்பிப் போய் உரிந்து வருகிறது. பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். போன் கேமரா ராத்திரியில் பத்துப் படத்தை எடுத்து ஒன்றாக அடுக்கிப் பகல் மாதிரி காட்டுகிற காலத்தில், இதைத் தூக்கிக்கொண்டு போனால் தெருப் பையன்கள் ஏதோ அருங்காட்சியகப் பொருள் போலப் பார்க்கிறார்கள்.

படம் போடாததற்குப் பெரிய கொள்கையெல்லாம் ஒன்றும் இல்லை. குறுக்குத்துறைப் பக்கம் விடியற்காலையில் போவேன் இல்லையா, ஆற்றுக்குள் நிற்கிற முருகன் கோயிலை எடுக்க. ஒருநாள் பட்டனை அமுக்குகிறதற்கு முன்னாலேயே, ‘இதில் ஆரஞ்சைக் கொஞ்சம் ஏற்றினால் லைக் நானூறு தாண்டும்’ என்று மனசு கணக்குப் போட்டது. எனக்கே சீ என்று ஆகிவிட்டது. வானம் அன்றைக்கு வெறும் சாம்பல் நிறம்! அப்புறம் போடத் தோன்றவில்லை, அவ்வளவுதான். சத்தியம் எல்லாம் செய்யவில்லை. நாளைக்கே போட்டாலும் போடுவேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டீக்கடை அண்ணாச்சி படம். 2014 கார்த்திகையில் உன் தங்கை மகள் கல்யாணத்துக்கு வந்தாயே, அப்போது எடுத்தது. காலை ஆறரை மணி. கிழக்கு வெயில் கடைக்குள் சாய்வாக விழுந்து பாய்லரில் பூசியிருந்த விபூதிப் பட்டை மேல் நிற்கிறது. அண்ணாச்சி ஆற்றுகிற டீ ஒரு முழ நீளத்துக்குக் கயிறு மாதிரி தொங்குகிறது. நீ பெஞ்சில் உட்கார்ந்து ஏதோ சொன்னாய். அவர் ஆற்றுகிறதை நிறுத்தாமலே தலையை மட்டும் திருப்பிச் சிரித்தார். முன்பல் ஒன்று இல்லாத அந்தச் சிரிப்பு, இடது புருவத்தில் பாய்லர் ஆவி பட்ட தழும்பு, தோளில் துண்டு, எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தது. நான் எடுத்த படங்களில் உருப்படியானவை ஐந்து என்றால் அதில் ஒன்று அது. இன்ஸ்டாவில் அதற்குப் பதினொரு லைக். அதில் ஒன்று நீ, ஒன்று என் மகள்.

போன புரட்டாசியில் அவர் தவறியதை உனக்குப் போனில் சொன்னேன். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவில்லை.

அன்று ராத்திரி பத்து மணிக்கு அவர் மகன் வாசலில் வந்து நின்றான். “சார், கண்ணீர் அஞ்சலி அடிக்கணும். அப்பா படம் எதுவுமே இல்ல” என்றான். இல்லாமல் போனதற்குக் காரணம் 2023 டிசம்பர் வெள்ளம். அவர்கள் வீடு கொக்கிரகுளத்தில், ஆற்றுக்குப் பக்கம். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டே மூழ்கிக் கிடந்த வெள்ளம் அது. அந்த வீட்டைச் சும்மா விடுமா? பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ஆல்பம் மொத்தமும் ஊறிவிட்டது. தண்ணீர் வடிந்ததும் பாவம், ஆல்பத்தை மூடியபடியே மொட்டைமாடி வெயிலில் காய வைத்திருக்கிறார்கள். போட்டோவின் மேல்பூச்சு ஜெலட்டின் அல்லவா, ஊறினால் பிசின் மாதிரி ஆகிவிடும். காயக் காய ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல்லாகிவிட்டது. ஈரமாக இருக்கும்போதே நல்ல தண்ணீரில் அலசி ஒவ்வொன்றாகப் பிரித்துக் காய வைத்திருந்தால் பாதியாவது தேறியிருக்கும். எனக்குத் தெரியும். ஆனால் அந்த வாரம் நான் அவர்கள் வீட்டுப் பக்கம் போகவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

“சார், நீங்க ஒரு படம் எடுத்தீங்கள்லா?” என்றான் மகன்.

எடுத்தேன். எங்கே இருக்கிறது? என் கதையைக் கேள். 2018 நவம்பரில், நான் படங்களைப் போட்டு வைத்திருந்த ஃபிளிக்கர் தளத்துக்காரர்கள், இலவசக் கணக்கில் இனி ஆயிரம் படத்துக்கு மேல் கிடையாது என்று அறிவித்தார்கள். அதற்கு ஐந்து வருடம் முன்னால் ஒரு டெராபைட் இலவசம் என்று கூவிக் கொடுத்த இடம்; நடுவில் கம்பெனி கைமாறிவிட்டது. குறை சொல்ல மாட்டேன். வாடகை கொடுக்காமல் அடுத்தவன் திண்ணையில் எத்தனை நாள் சாமான் போட்டு வைக்க முடியும்? கூகுள் போட்டோஸும் 2021 ஜூன் ஒன்றாம் தேதியோடு இலவச மூட்டையைக் கட்டியது. நான் அதற்கெல்லாம் முன்பே உஷாராகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். இனி என் படம் என் கையில் என்று எல்லாவற்றையும் இறக்கி ஒரே ஹார்ட் டிஸ்க்கில் போட்டேன், பழைய கம்ப்யூட்டரில் இருந்ததையும் சேர்த்து. ஊரடங்கு நேரத்தில் ஒருநாள் அதைச் சொருகினால் பல்லி மாதிரி ‘டக், டக்’ என்று சத்தம். அவ்வளவுதான். மீட்டுத் தருகிற இடத்தில் இருபத்தையாயிரம் கேட்டார்கள், அதுவும் உத்தரவாதம் இல்லாமல். அந்த டிஸ்க் இப்போதும் பூஜை அறை அலமாரியில் இருக்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை.

மிச்சம் இருந்தது இரண்டு. ஒன்று இன்ஸ்டாவில் போட்டது. அந்தக் காலத்தில் அங்கே சதுரம்தான். டீ ஆற்றுகிற கையை நானே வெட்டிவிட்டிருந்தேன். அகலமும் 640 பிக்சல்தான். இன்னொன்று நான் எப்போதோ அண்ணாச்சி மகனுக்கு வாட்ஸப்பில் அனுப்பியது. டி90 படம் 4288 பிக்சல் உயரம். ரா பைலாக, அதாவது கேமரா பதிவு செய்த மூல வடிவத்தில், பத்து எம்பி வரும். வாட்ஸப் அதைப் பிழிந்து 1280 பிக்சல் ஆக்கி 140 கேபி-யில் வைத்திருந்தது. நாலுக்கு ஆறடி ஃபிளக்ஸில் ஏற்றினால் ஓர் அங்குலத்துக்குப் பதினெட்டுப் பிக்சல்கூட வராது. முகத்தை மட்டும் வெட்டி எடுத்தால் அதுவும் இல்லை.

ஃபிளக்ஸ் கடைப் பையன் கெட்டிக்காரன். “பிக்சல் அடிக்குது சார், ஏஐ-ல போட்டு ஷார்ப் பண்ணிருதேன்” என்றான். அரை நிமிஷம்தான். திரையில் ஒரு முகம் பளிச்சென்று வந்தது. ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிகிறது. ராத்திரி பதினொன்றரை மணிக்கு எல்லாருக்கும் நிம்மதி. எனக்கும்தான், பொய் சொல்லக் கூடாது.

காலையில் தெருமுனையில் கட்டிய பிறகுதான் பார்த்தேன். பல் வரிசை முழுசாக இருந்தது. புருவத்துத் தழும்பு இல்லை. கன்னம் வழவழவென்று, ஏதோ வேட்டி விளம்பரத்தில் வருகிறவர் மாதிரி. மதினியைக் கைத்தாங்கலாக வாசலுக்குக் கூட்டி வந்தார்கள். பேனரைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, “இது அவுக இல்லையே தம்பி” என்றார்கள். யாரும் பதில் பேசவில்லை.

தொலைந்த விவரத்தை அந்த மென்பொருள் தோண்டி எடுப்பதில்லை சங்கரா. லட்சக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகியது; மங்கலான இடத்தில் பல் இருக்கும் என்று அதற்குத் தோன்றினால் பல்லை வரைந்துவிடுகிறது. 2023ல் சாம்சங் போன் நிலாவை எடுத்த விவகாரம் ஞாபகம் இருக்கிறதா? ஒருவர் நிலாப் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, கம்ப்யூட்டர் திரையில் போட்டு, இருட்டறையில் தூரத்தில் நின்று அந்த போனில் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளமெல்லாம் போன் படத்தில் இருந்தது. நிலாவுக்கு அப்படிச் செய்தால் போகிறது என்று விடலாம், அது எல்லாருக்கும் ஒரே நிலாதான். அண்ணாச்சிக்கு அந்தப் பல் இல்லை என்பது அந்தத் தெருவுக்கே தெரியுமே.

அதே தொழில்நுட்பம் இன்னொரு வேலையும் செய்தது, அதையும் சொல்ல வேண்டும். என் போனில் பன்னிரண்டாயிரம் படம் கிடக்கிறது. பாதி குட்மார்னிங், மீதி மின்சார மீட்டரும் மருந்துச் சீட்டும். கூகுள் போட்டோஸில் அண்ணாச்சி முகம் ஒன்றைத் தொட்டுத் தேடினேன். என் மனைவியையும் அவள் தங்கையையும் ஒரே ஆள் என்று நினைக்கிற சாமான், பெரிதாக எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஆறு படம் எடுத்துக் கொடுத்தது. எதிலும் நான் அவரை எடுக்கவில்லை. மகள் புது ஸ்கூட்டரோடு நிற்கிறாள், பின்னால் அண்ணாச்சி. 2021 தேர்தலில் மை வைத்த விரலைக் காட்டி நான் எடுத்த செல்பி, பின்னால் அண்ணாச்சி. இன்னொன்றில் அவர் முதுகைச் சொறிந்துகொண்டு மழையைப் பார்க்கிறார். எல்லாவற்றிலும் முகம் சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான். மகனுக்கு அனுப்பி வைத்தேன். ஃப்ரேம் போட உதவாது.

இப்போது அவர்கள் வீட்டுச் சுவரில் அந்த ஏஐ முகம்தான் தொங்குகிறது. மதினி அதற்கு விளக்கு ஏற்றுவதில்லை. பக்கத்திலேயே அவர்கள் கல்யாணப் படம் இருக்கிறது, 1979ல் எடுத்த கருப்பு வெள்ளை. உயரத்தில் மாட்டியிருந்ததால் வெள்ளத்துக்குத் தப்பியது. அந்தக் காலத்தில் நம்மூர் ஸ்டுடியோக்களில் ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ பிலிம் புழங்கும். அதில் எடுத்ததாகக்கூட இருக்கலாம். இந்து என்றால் நிலாதானே, வேடிக்கையைப் பார். கம்பெனியை மூடிவிட்டார்கள், படம் இன்னும் கத்தி மாதிரி இருக்கிறது. மதினி புடவை ஜரிகையை எண்ணலாம். ஆனால் அதற்கு மாலை போட முடியாது, அதில் மதினியும் இருக்கிறார்களே. வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிதாக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். வாக்காளர் அட்டையில் நாமெல்லாம் எப்படி இருப்போம் என்று உனக்குத் தெரியும்.

முதல் வருஷத் திவசம் அடுத்த மாதம் வருகிறது. போன வாரம் ராத்திரி படுத்தபிறகுதான் சட்டென்று உறைத்தது. அந்தக் கல்யாணத்தன்று சாயங்காலம் நீ என் மெமரி கார்டை வாங்கி மொத்தத்தையும் உன் லேப்டாப்பில் அள்ளிப் போட்டாய். ‘எதுக்குடா டீக்கடைப் படமெல்லாம்’ என்று நான் கேட்டதும், ‘இருக்கட்டும், இடம் நிறைய இருக்கு’ என்று நீ சொன்னதும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. இப்போதெல்லாம் நான் இரண்டு டிஸ்க்கில் வைத்து, மூன்றாவதை மகள் வீட்டில் கொடுத்திருக்கிறேன். 2014ல் என் மூன்றாவது பிரதி நீதான் போலிருக்கிறது!

அந்த லேப்டாப் எங்கே? எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டேன் என்று மட்டும் சொல்லாதே. போல்டர் பெயரில் ‘நெல்லை’ என்று இருக்கலாம். பைல் எல்லாம் டிஎஸ்சி என்று ஆரம்பிக்கும். ரா, ஜேபெக் இரண்டுமே எடுத்தேன், எது கிடைத்தாலும் போதும். பன்னிரண்டுக்குப் பதினெட்டு பிரிண்ட்டுக்கு அது தாராளம். போனில் கேட்டிருக்கலாம்; ‘தேடுறேன்டா’ என்று சொல்லிவிட்டு நீ மறந்துவிடுவாய், அதனால்தான் எழுத்தில். கிடைத்தால் மெயிலில் அனுப்பு. வாட்ஸப்தான் சுலபம் என்றால் டாகுமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பு. தயவுசெய்து போட்டோவாக அனுப்பிவிடாதே.

நீ வாங்கப்போகிற புதுக் கேமராவைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அவசரப்பட்டு வாங்காதே. பேத்தி பின்னால் ஓடுவதற்கு எடை குறைந்ததாகப் பார்.

அப்புறம் இன்னொன்று. படம் கிடைக்குமோ கிடைக்காதோ, மதினியிடம் அதைப் பற்றிச் சொன்னேன், அவர் எப்படிச் சிரித்துக்கொண்டிருந்தார் என்று. “எதுக்குச் சிரிச்சாக?” என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை, நான் கேமராவுக்குள் கண்ணை வைத்திருந்தேன். அன்றைக்கு அவரிடம் என்னடா சொன்னாய்?

அன்புடன்,
மணி