நாடகம் பார்க்காமலே நாடகத்தில் ஏ எடுக்கும் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உலக நாடக தினத்துக்கு உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். சேக்ஸ்பியர், பிறெக்ட், ஸ்ரனிஸ்லாவ்ஸ்கி என்று வழமையான பெயர்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் நான் படிப்பித்த காலத்தில் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்லும் ஆள் வேறு. தென்னாபிரிக்காவின் ஆபிரிக்கான்ஸ் மொழி நடிகர் அந்திரே ஹியூகனே. இங்கே அவரை ஆருக்கும் தெரியாது.

1906இல் புளும்பொன்டெயினில் பிறந்தவர். சொந்தப் பெயர் போர்ஸ்ட்லாப், ஹியூகனே மேடைக்கு வைத்துக்கொண்டது. அவர் இளந்தாரியாக இருந்தபோது அவருடைய தாய்மொழியை 'குசினிப் பாஷை' என்று நக்கலடித்தார்கள். 1925இல்தான் அது அங்கே அரச மொழியானது, அதே வருஷம்தான் ஒல்லாந்திலிருந்து வந்த போல் டி குரூட் என்ற நடிகர் அந்த மொழியில் தொழில்முறைக் குழு ஒன்றைத் தொடங்கினார். ஹியூகனே அவரிடம் போய்ச் சேர்ந்து, பிறகு தானே குழு அமைத்து, சீன்களையும் உடுப்புப் பெட்டிகளையும் ஏற்றி இறக்கி ஊர் ஊராகத் திரிந்தார். பெரிய அரங்கு இல்லாத சின்னப் பட்டினங்களில் நகர மண்டபம், பள்ளிக்கூட மண்டபம், எது கிடைத்ததோ அதுதான் மேடை. 1947இல் ஆபிரிக்கான்ஸில் ஹம்லெட் போட்டபோது ஹம்லெட்டாக நடித்தவர் இவர், நெறியாள்கை அன்னா நீத்லிங் போல் என்ற அம்மா. 1950இல் தன் மேடை வாழ்க்கையை ஒரு புத்தகமாகவும் எழுதினார், பெயர் 'கைதட்டல்'. 1961இல் இறந்துபோனார்.

(அந்த மொழி எங்களுக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை, ஒல்லாந்த மொழியிலிருந்து பிறந்ததுதான். ஒல்லாந்தர் 1652இல் தென்னாபிரிக்காவின் கேப்பில் இறங்கி, 1658இல் எங்கட யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த ஆட்கள்தானே. அலுவலகத்துக்கு நாங்கள் சொல்லும் கந்தோர் அங்கேயும் கந்தோர் மாதிரித்தான் ஒலிக்கும், போஞ்சியை 'போய்ங்கி' என்பார்கள். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரித்துச் சிரித்து மற்றதையும் ஞாபகம் வைத்திருப்பார்கள்.)

நிறவெறிக்காரரின் நாடகத்தை ஏன் எங்களுக்குச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. அந்த மேடைக்கு முன்னால் இருந்த கதிரைகள் வெள்ளையருக்குத்தான். அன்னா அம்மாவும் தீவிர ஆபிரிக்கானர் தேசியவாதி. ஒடுக்கப்பட்ட மொழி என்று தொடங்கியதை 1976இல் கறுப்புப் பிள்ளைகளின் வகுப்பறைக்குள் திணிக்கப் போய்த்தான் சொவெற்றோவில் இரத்தம் ஓடியது. இதை மறைத்துவிட்டு ஹியூகனேயைப் புகழ எனக்கு விருப்பமில்லை. ஆனால் பிரிட்டோரியாப் பல்கலைக்கழகத்தில் பிற்காலத்தில் அன்னா அம்மா நாடகம் படிப்பித்தார், அதே பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்த சாண்ட்ரா பிரின்ஸ்லூ 1985இல் கேப்டவுன் மேடையில் ஜோன் கனி என்ற கறுப்பு நடிகரை முத்தமிட்டு நடித்தார், பார்க்க வந்தவர்களில் கொஞ்சப்பேர் எழும்பிப் போய்விட்டார்கள். எழும்பிப் போனாலும், வந்திருந்தார்கள் அல்லவா! எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

அங்கே முதலில் மேடை, பிறகுதான் வகுப்பு. எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. கலையரசு சொர்ணலிங்கம் வாழ்நாள் முழுக்க நடித்துவிட்டுத்தான் 'ஈழத்தில் நாடகமும் நானும்' எழுதினார். குழந்தை சண்முகலிங்கம் சேர் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கி, அடுத்த சில வருஷங்களில் 'மண் சுமந்த மேனியர்' போன்ற நாடகங்களை எழுதித் தந்தார், அதுவும் எந்தக் காலத்தில்! இசைநாடக நடிகர் வைரமுத்து அண்ணாவியாரின் மயான காண்டத்தை, அதாவது அரிச்சந்திரன் சுடலை காக்கும் கதையை, நான் முதலில் பார்த்தது கோயில் வீதி மணலில், அம்மா கொண்டுவந்த சாக்கில் இருந்து. அரிச்சந்திரன் பாடத் தொடங்க, பக்கத்தில் கச்சான் உடைத்துக்கொண்டிருந்த ஆச்சியின் கை அப்படியே நின்றது. நாடகம் முடியுமட்டும் அந்தக் கச்சான் அவவின் மடியிலேயே கிடந்தது. நடிப்பைப் பற்றி நான் பிறகு எத்தனையோ புத்தகம் வாசித்தேன், அந்தக் கையை விடப் பெரிதாக ஒன்றும் படிக்கவில்லை.

இப்போது மேடை போய்விட்டது, வகுப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அண்மையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாடகமும் அரங்கியலும் பாடத்தில் ஏ எடுத்த பிள்ளையிடம், "எத்தனை நாடகம் முழுசாப் பாத்திருக்கிறாய் மோனை?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "யூரியூப்பில ஒண்டு சேர், அதும் பாதி" என்றது. பிள்ளையில் பிழையில்லை. கூத்தின் வரவுப் பாட்டு என்றால் என்ன என்று கேட்டால் அட்சரம் பிசகாமல் சொல்லும். போட்டிக்குப் பதினைந்து நிமிஷ நாடகம் பழகி, நடுவர் மூன்று பேருக்கு நடித்துக் காட்டி, சான்றிதழை வாங்கி மட்டையில் போட்டுவிட்டால் அந்த நாடகத்தின் ஆயுள் முடிந்தது. ஊர் ஒருநாளும் அதைப் பார்ப்பதில்லை.

அந்தப் போட்டி நாடகங்களையாவது போட்டி முடிந்த பிறகு நாலு ஊருக்குக் கொண்டுபோனால் என்ன? நல்ல குழுக்கள் இன்னும் சில இருக்கின்றன, தவணைக்கு ஒரு தடவை ஒரு முழு நாடகத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட முடியாதா? ரியூசனுக்கு ஒரு பின்னேரம் விடுமுறை விட்டால் வானம் இடிந்து விழாது. உங்கள் பத்திரிகையையும் ஒன்று கேட்கிறேன். நாடக விழா நடந்தால் பிரதம விருந்தினர் மங்கள விளக்கேற்றும் படம் மூன்று பத்தி அகலத்தில் வருகிறது. யார் நடித்தார்கள், எப்படி நடித்தார்கள், எந்த இடத்தில் சனம் கொட்டாவி விட்டது, இதையும் எழுதுங்கள். திட்டி எழுதினாலும் பரவாயில்லை.

எங்கள் சனசமூக நிலையத்தில் மண்டபம் இருக்கிறது. பிளாஸ்ரிக் கதிரை 120, இரண்டு ஒலிபெருக்கி, மழை பெய்தால் ஒரு மூலையில் மட்டும் ஒழுகும். நாடகம் போட விரும்பும் குழு இருந்தால் உங்கள் அலுவலகம் ஊடாக அறிவிக்கட்டும், இராச்சாப்பாடு எங்கள் பொறுப்பு.

ஓய்வுபெற்ற நாடக ஆசிரியர்,
கோண்டாவில்.